பொசிஷன் சென்சார்: வணரித்தண்டு நிலை உணரி

எஞ்சினில் 'பொசிஷன் சென்சார்' என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. அது ஒரு குடும்பப் பெயர். காற்று வழியின் கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் த்ராட்டில் பொசிஷன் சென்சாரும் அந்தக் குடும்பம்தான். ஆனால் 'எஞ்சின் பொசிஷன் சென்சார்' என்று சொல்லும்போது பெரும்பாலும் இரண்டைத்தான் குறிப்பார்கள்: பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் க்ராங்க் தண்டைக் கவனிக்கும் க்ராங்க் சென்சார், வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டைக் கவனிக்கும் கேம் சென்சார். இந்தக் கட்டுரை அவை இரண்டையும் பற்றியது.

முதலில் 'சென்சார்'. லத்தீனில் 'சென்டீரே' என்றால் உணர்தல். தமிழில் உணரி, உணர்வி, உணர்கருவி என்று மூன்று சொற்கள் புழங்குகின்றன. என் ஓட்டு 'உணரி'க்கு. மூடுவது மூடி, தாங்குவது தாங்கி என்பதுபோல, உணர்வது உணரி. 'உணர்வி' என்பதில் உள்ள 'வி' செய்வி, வருவி என்பவற்றில் வருவதைப் போல ஒலிக்கிறது. அப்படிப் பார்த்தால் பிறரை உணரச் செய்வது என்று பொருள் திரும்பிவிடும். இந்தக் கருவி தானே உணர்ந்து கணினிக்குச் சொல்கிறது, அதனால் உணரிதான் சரி.

'பொசிஷன்' என்ற சொல்லில்தான் குழப்பம் இருக்கிறது. லத்தீன் 'போனெரே', அதாவது வைத்தல், அதன் வேர். அகராதியைப் பார்த்து 'இருப்பிடம்' என்று போட்டுவிடத் தோன்றும். ஆனால் எஞ்சினுக்குள் இந்த உணரிகள் கவனிக்கும் தண்டு தன் இடத்தைவிட்டு எங்கும் போவதில்லை, இருந்த இடத்திலேயே சுழல்கிறது. எஞ்சின் கணினி கேட்பது 'எங்கே இருக்கிறாய்' என்று அல்ல, 'எந்தக் கோணத்தில் நிற்கிறாய்' என்று. நில் என்ற வேரிலிருந்து வரும் 'நிலை' இதற்குப் பொருந்துகிறது. இன்னும் தெளிவு வேண்டுமென்றால் 'சுழல்நிலை' என்றோ 'கோணநிலை' என்றோ எழுதலாம். பாடநூலில் முதல் முறை வரும் இடத்திலாவது அப்படி எழுதுவது நல்லது. 'இருப்பிட உணரி' என்று படித்த மாணவருக்கு இது ஏதோ வழிகாட்டும் கருவி என்றுதான் தோன்றும்.

அப்புறம் 'க்ராங்க்'. பழைய ஆங்கிலத்தில் இது நெசவாளரின் ஒரு கருவிப் பெயரில் வருகிறது; வளைந்தது என்பதே அடிப்படைப் பொருள். கையால் சுற்றி எஞ்சினைக் கிளப்பிய காலத்து வளைந்த கைப்பிடிக்கும் அதே பெயர். பட்டறையில் இன்றும் 'க்ராங்க் ஆகுது, ஸ்டார்ட் ஆகல' என்கிறோமே, அந்தச் சொல் அங்கிருந்து வந்தது. தமிழில் இதற்குச் 'சுழல்தண்டு' என்று சிலர் எழுதுகிறார்கள். எஞ்சினுக்குள் சுழலும் தண்டு ஒன்று மட்டும் இல்லையே, கேம் தண்டும் சுழல்கிறதே! 'வளைத்தண்டு' அதைவிட மேல். எனக்குப் பிடித்தது 'வணரித்தண்டு'. வணர்தல் என்றால் வளைதல். சங்கப் பாடல்களில் யாழின் வளைந்த தண்டு 'வணர்கோடு' எனப்படுகிறது. வளைந்த தண்டைச் சொல்ல நம்மிடம் இவ்வளவு பழைய சொல் இருக்கும்போது அதை எடுத்துக்கொள்ளத் தயங்க வேண்டியதில்லை. பிஸ்டன் மேலும் கீழும் போவதைச் சுழற்சியாக மாற்றுவது இந்தத் தண்டின் வளைவுதான். ஆக, பெயரே வேலையையும் சொல்லிவிடுகிறது.

'கேம்' டச்சு மொழியின் 'கம்' என்பதோடு உறவுடையது. சீப்பு, சக்கரப் பல் என்று பொருள். தமிழ்த் தொழில்நுட்ப நூல்களில் இது 'நெம்புருள்'. நெம்புகோல் எல்லோருக்கும் தெரியும். உருள் என்றால் சக்கரம். சுற்றும்போது வால்வை நெம்பித் திறக்கும் உருள் என்று பிரித்துப் படித்தாலே புரியும். ஆக, முழுப் பெயர்கள் இவை: வணரித்தண்டு நிலை உணரி, நெம்புருள் தண்டு நிலை உணரி. நீளமாகப் பட்டால் 'நிலை'யை விட்டுவிடலாம். க்ராங்க் சென்சார் என்று சொல்லும்போதும் 'பொசிஷன்' காணாமல்தான் போகிறது. உதிரிபாகக் கடையில் கேட்கும்போது க்ராங்க் சென்சார், கேம் சென்சார் என்றே கேளுங்கள். விளக்கி எழுதும் இடத்தில், சொல்லிக்கொடுக்கும் இடத்தில் தமிழ்ப் பெயர் தன் பயனைக் காட்டும்.

ஒன்று போதாதா, ஏன் இரண்டு? நான்கு வீச்சு (ஃபோர் ஸ்ட்ரோக்) எஞ்சினில் ஒரு முழுச் சுற்றுவேலை முடிய வணரித்தண்டு இரண்டு தடவை சுற்ற வேண்டும், அதாவது 720 பாகை. நெம்புருள் தண்டு அதற்குள் ஒரே தடவை சுற்றும். பிஸ்டன் உச்சியில் இருப்பதை வணரித்தண்டு உணரி சொல்லிவிடும். ஆனால் அது அழுத்தி முடித்த உச்சியா, புகையை வெளியே தள்ளி முடித்த உச்சியா என்பதை நெம்புருள் உணரிதான் சொல்ல முடியும். அது தெரிந்தால்தான் எந்த சிலிண்டருக்கு எப்போது எரிபொருள், எப்போது பொறி என்று கணினி முடிவு செய்யும். டிஸ்ட்ரிபியூட்டர் இருந்த எஞ்சின்களில் பொறியைப் பங்கிடும் வேலையை அது நெம்புருள் தண்டின் சுழற்சியை வைத்தே செய்துவந்தது.

வணரித்தண்டோடு ஒரு பல்சக்கரம் சுற்றும். பரவலான ஓர் அமைப்பில் 60 பற்களுக்கு இடம் வைத்து 2 பற்களை விட்டுவிடுவார்கள். ஒரு பல் 6 பாகை. அந்த வெற்றிடம் உணரியைக் கடக்கும்போது கணினிக்கு ஒரு தொடக்க அடையாளம் கிடைக்கிறது, அங்கிருந்து பல் எண்ணிக் கோணத்தைக் கணக்கிடுகிறது. 36 பற்களில் ஒன்றை விட்ட சக்கரங்களும் உண்டு.

உணரியில் இரண்டு வகை. ஒன்று காந்தமும் சுருளும் கொண்டது. மைக்கேல் ஃபாரடே 1831-ல் கண்ட மின்தூண்டல் விதிப்படி, பல் கடக்கும்போது தானே மின்னழுத்தத்தை உண்டாக்கும். பெரும்பாலும் 2 கம்பி. மற்றது எட்வின் ஹால் 1879-ல் கண்டுபிடித்த விளைவைப் பயன்படுத்துவது: மின்சாரம் ஓடும் பொருளைக் காந்தப்புலத்தில் வைத்தால் அதன் குறுக்கே மின்னழுத்தம் தோன்றும். அதற்கு வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும், பெரும்பாலும் 3 கம்பி. சுருள் வகையின் மின்னழுத்தம் வேகத்தைப் பொறுத்தது. பேட்டரி பலவீனமாகி செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) மெதுவாகச் சுற்றினால் சிக்னலும் மெலியும். உணரியைக் குறைசொல்லும் முன் பேட்டரியைப் பாருங்கள்.

இருக்கும் இடத்தைத் தேடவும் பெயர் உதவும். வணரித்தண்டு எஞ்சினின் அடிப்பகுதியில் ஓடுகிறது, ஆகவே அதன் உணரியும் கீழேதான் இருக்கும். பொதுவாக மூன்று இடங்கள்: முன்பக்கம் பெல்ட் ஓடும் புல்லிக்கு அருகில், பின்பக்கம் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், ஃப்ளைவீலை நோக்கி, அல்லது பிளாக்கின் பக்கவாட்டில், சில வண்டிகளில் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் பின்னால் மறைந்தபடி. கடைசி வகையில் மோட்டாரைக் கழற்றாமல் கை எட்டாது. நெம்புருள் தண்டு சிலிண்டர் ஹெட்டில் இருக்கும் எஞ்சின்களில் அதன் உணரியை மேலே தேட வேண்டும், வால்வு கவரின் ஓரத்திலோ டைமிங் கவரின் மேற்பகுதியிலோ. வால்வு நேரத்தை மாற்றிக்கொள்ளும் வி6 எஞ்சின்களில் நெம்புருள் உணரிகள் நான்கு வரைகூட இருக்கலாம்.

பழுதானால் என்ன தெரியும்? செல்ஃப் எடுக்கும், ஸ்டார்ட் ஆகாது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டி சூடானதும் நின்று, ஆறிய பிறகு கிளம்பும். சுருளில் நுண்ணிய முறிவு இருந்தால் வெப்பத்தில் அது விரிந்து தொடர்பு அறுவதால் இப்படி நடக்கும். செல்ஃப் சுற்றும்போது ஆர்பிஎம் முள் அசையாமல் பூஜ்யத்திலேயே நின்றால் வணரித்தண்டு உணரியின் மேல் சந்தேகம் வரலாம். ஸ்கேனரில் பி0335 என்ற பிழைக் குறியீடு (கோட்) வந்தால் வணரித்தண்டு உணரியின் மின்சுற்று, பி0340 வந்தால் நெம்புருள் உணரியின் மின்சுற்று. மின்சுற்று என்கிறதே தவிர உணரி கெட்டது என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கம்பி தேய்ந்திருக்கலாம், கனெக்டருக்குள் எண்ணெய் புகுந்திருக்கலாம். சுருள் வகை என்றால் மல்டிமீட்டரில் ஓம் (மின்தடை) பார்க்கலாம். சரியான அளவு வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். ஹால் வகைக்கு ஓம் பார்ப்பதில் பயனில்லை. மின்சாரம் வருகிறதா, எர்த் இருக்கிறதா, சுற்றும்போது சிக்னல் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

மாற்றுவது பெரிய வேலை அல்ல, போய்ச் சேருவதுதான் வேலை. எஞ்சின் ஆறட்டும். வண்டியைத் தூக்க வேண்டியிருந்தால் ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம். பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றுங்கள். கனெக்டரின் பூட்டை விடுவித்து, பெரும்பாலும் ஒரே ஒரு போல்ட்டில் நிற்கும் உணரியை இடமும் வலமுமாகத் திருப்பியபடி இழுங்கள். ஸ்க்ரூடிரைவர் கொடுத்து நெம்பினால் பிளாஸ்டிக் உடைந்து பாதி உள்ளேயே தங்கிவிடும். வெளியே வந்த உணரியின் நுனியைப் பாருங்கள். காந்தம் இருப்பதால் இரும்புத் தூள் ஒட்டியிருக்கும், அதுவே சிக்னலைக் கெடுக்கக்கூடும். துளையைத் துடைத்து, புதியதன் ஓ-ரிங்கில் (ரப்பர் வளையத்தில்) கொஞ்சம் எஞ்சின் எண்ணெய் தடவிக் கையால் அழுத்தி உட்கார வையுங்கள். சுத்தியல் வேண்டாம். நுனிக்கும் பல்லுக்கும் இடைவெளி பல எஞ்சின்களில் 1 மி.மீ. அளவுதான். கோணலாக உட்கார்ந்தாலே அது மாறிவிடும். கம்பியை முன்பு போன வழியிலேயே, சைலன்ஸர் குழாயிலிருந்து தள்ளி, கிளிப்பில் மாட்டுங்கள்.

சில வண்டிகளில் புதிய உணரியைக் கணினிக்குப் பழக்க வேண்டும். ஸ்கேனர் வழியாகச் செய்வது அது. பழைய பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். புதிதாக பி0016 தலைகாட்டினால் இரண்டு தண்டுகளின் நிலையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று பொருள். அப்போது இன்னொரு உணரி வாங்குவதற்கு முன், டைமிங் செயின் நீண்டிருக்கிறதா அல்லது பெல்ட் ஒரு பல் தாண்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.