கண்ணாடியை மாற்றும் முன் நாற்காலியை நகர்த்துங்கள்

புதுக் கண்ணாடி வாங்கிய கொஞ்ச நாளில் திரும்பி வருகிறவர்கள் சொல்வது அநேகமாக ஒரே குறைதான்: "இங்க படிச்சப்ப நல்லாத் தெரிஞ்சுது டாக்டர், வீட்டுக்குப் போனா தெரியலை." மறுபடி சோதித்தால் பலருக்குப் பவரில் மாற்றமே இருக்காது. கண் சோதனை அட்டையின் கடைசி வரியைக்கூடத் தடங்கலில்லாமல் படிப்பார்கள். அந்த அட்டைக்கு நேர் மேலே ஒரு விளக்கை வைத்திருக்கிறோம், அவ்வளவுதான் விஷயம். வீட்டில் அந்த விளக்கு இல்லை.

அதனால் இப்போதெல்லாம், "நீங்க உட்கார்ந்து படிக்கிற இடத்தை ராத்திரியில ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க" என்று சொல்லிவிடுகிறேன். வருகிற படங்கள் ஒரே வீட்டில் எடுத்தவை போலவே இருக்கும். சுவரின் உச்சியில் ஒரு டியூப்லைட். டிவியைப் பார்த்தபடி சோபா. சோபாவுக்குப் பின்சுவரில்தான் அந்த டியூப்லைட். உட்காருகிறவரின் தலை நிழல் நேராகப் புத்தகத்தில் விழுகிறது. பிள்ளைகள் பாடு இன்னும் மோசம். மேஜையைச் சுவரை ஒட்டிப் போட்டு, விளக்கை முதுகுக்குப் பின்னால் விட்டிருப்பார்கள். எழுதும் கை போகிற இடமெல்லாம் நிழலும் கூடவே போகும்.

படிக்க, எழுத 300 முதல் 500 லக்ஸ் (ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் வேண்டும். ஒற்றை 20 வாட் எல்இடி டியூப் எரியும் நடுத்தர ஹாலில், மடியில் இருக்கும் புத்தகத்துக்கு வந்து சேர்வது பெரும்பாலும் 100 லக்ஸ் அளவில்தான். நிழலும் விழுந்தால் அதுவும் குறையும். இருபது வயதுக் கண் இதைச் சமாளித்துவிடும். வயதாக ஆக, ஒளி உள்ளே போகும் கருவிழி நடுத்துளையான பாவை சுருங்குகிறது, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மஞ்சளாகிறது. 60 வயதுக்காரரின் விழித்திரைக்குப் போகும் வெளிச்சம், 20 வயதுக்காரருக்குப் போவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். "இவ்வளவு வெளிச்சம் போதாதாப்பா?" என்று கேட்கும் மகனும், கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிக்கும் அப்பாவும் ஒரே அறையில் இருந்தாலும் பார்ப்பது ஒரே வெளிச்சத்தை அல்ல.

உடனே பெரிய பல்பு வாங்க ஓட வேண்டாம். இருக்கிற பல்பைக் கிட்டே கொண்டு வாருங்கள். தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்காகும். இரண்டு மீட்டர் தள்ளி எரியும் பல்பை அரை மீட்டருக்குக் கொண்டு வந்தால் 16 மடங்கு. மூடி போட்ட டேபிள் லேம்பில் சாதாரண 9 வாட் எல்இடி பல்பே போதும். வலக்கையால் எழுதுகிறவருக்கு விளக்கு இடப்பக்கம், இடக்கைப் பழக்கம் உள்ளவருக்கு வலப்பக்கம். பல்பு கண்ணில் நேராகப் படாதபடி மூடியின் விளிம்பைத் தாழ்த்திவிடுங்கள். கண்புரை தொடங்கியவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். அவர்களுக்கு வெளிச்சமும் நிறைய வேண்டும், கூசவும் கூடாது. டேபிள் லேம்ப் வந்துவிட்டது என்று அறை விளக்கை அணைத்துவிடாதீர்கள். சுற்றிலும் இருட்டாகவும் புத்தகப் பக்கம் மட்டும் பளீரென்றும் இருந்தால் கண் சீக்கிரம் களைத்துவிடும்.

நம் வீடுகளில் இன்னொரு தொல்லை ஃபேன். தலைக்கு மேல் ஃபேன் சுற்றும், அதற்கும் மேலே கூரையில் விளக்கு எரியும். இறக்கைகள் ஒளியை வெட்டி வெட்டி விட, பக்கம் முழுக்க நிழல் துடித்துக்கொண்டே இருக்கும். இதனால் வரும் தலைவலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நாற்காலியை நாலடி தள்ளிப் போடுவதுதான் மருந்து. ஃபேன் காற்று நேராக முகத்தில் அடிக்காவிட்டால் கண் உலர்வதும் குறையும்.

பல்பு நிறம் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அட்டைப்பெட்டியில் 6500 கெல்வின் என்று போட்டிருந்தால் நீலம் கலந்த வெள்ளை, 3000 என்றால் மஞ்சள். எனக்குப் பிடித்தது இடையில் இருக்கும் 4000. ஆனால் இது ரசனை. அளவும் திசையும் சரியாக இருந்தால் நிறம் உங்கள் இஷ்டம்.

பகலில் ஜன்னலோரத்துக்கு ஈடில்லை. ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும், எதிரிலோ பின்னாலோ வேண்டாம். வடக்கு ஜன்னலில் வெயிலே வராது என்று வெளிநாட்டு வீட்டு அலங்காரக் குறிப்புகளில் எழுதுவார்கள். அங்கே அது பெரும்பாலும் சரி. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிச் சூரியனே வடக்கில்தான் இருக்கும், காலையும் மாலையும் அந்த ஜன்னலிலும் சாய்வெயில் எட்டிப்பார்க்கும். மெல்லிய வெள்ளைத் திரை, அதுவும் இல்லாவிட்டால் ஒரு பழைய வேட்டி, போதும்.

தரையில் குப்புறப் படுத்து எழுதும் பிள்ளைகளை விரட்டிப் பயனில்லை. அந்தக்காலக் கணக்குப்பிள்ளைகள் சம்மணமிட்டு உட்கார்ந்து, சாய்வான மூடி வைத்த பெட்டி மேல் பேரேட்டை விரித்து எழுதினார்கள். அதே மாதிரி ஒரு சாய்வுப் பலகை செய்து கொடுங்கள். நோட்டு முகத்தை நோக்கி நிமிர்ந்துவிடுவதால் குழந்தை குனிய வேண்டியதில்லை. கண்ணுக்கும் நோட்டுக்கும் இடையே 30 சென்டிமீட்டராவது இருக்கட்டும்.

மங்கலான வெளிச்சத்தில் படித்தால் கண்ணே போய்விடும் என்று பயமுறுத்தவும் வேண்டாம். அதனால் கண் களைக்கும், வலிக்கும், பார்வை பறிபோகாது. கிட்டப்பார்வை வராமல் தடுக்க வேண்டுமானால் எந்த விளக்கையும்விடத் தெருவில் விளையாடுவது மேல். நிழலான வெளியிடத்தில்கூடப் பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். தினம் இரண்டு மணி நேரம் பிள்ளைகளை வெளியே விடுங்கள்.

விளக்கையும் நாற்காலியையும் சரிசெய்த பிறகும் குழந்தை புத்தகத்தை மூக்கருகே பிடித்தால் கண் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள். பெரியவர்களுக்கு நேர்கோடு வளைந்து தெரிந்தாலோ, வரியின் நடுவில் எழுத்துகள் காணாமல் போனாலோ அது வெளிச்சக் குறைவு அல்ல. சர்க்கரை நோய் இருந்தால் அடுத்த மாதச் செக்கப்புக்குக் காத்திருக்காமல் அந்த வாரமே விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும்.