பாயை எண்ணிவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்

மதுரையில் ஒரு யோகா பள்ளி கொஞ்சம் வளர்ந்ததும் அண்ணாநகரிலோ திருப்பாலையிலோ இரண்டாவது கிளைக்கு இடம் தேடத் தொடங்குகிறது. பெரும்பாலும் அமைவது மாடி ஹால். வாடகை, வண்டி நிறுத்த இடம், வாஸ்து எல்லாம் பேசி முடித்துவிடுவார்கள். எத்தனை பாய் விரிக்கலாம் என்பது மட்டும் திறப்பு விழா அன்றுதான் தெரியவரும்.

ஒரு பாய் 6 அடிக்கு 2 அடி, அதாவது 12 சதுரடி. அதை வைத்து 600 சதுரடியில் 50 பேர் என்று கணக்குப் போடக் கூடாது. திரிகோணாசனத்தில் கையை விரித்தால் ஏறக்குறைய ஆளின் உயரம் அளவுக்கு இடம் வேண்டும். செங்கல் அடுக்குவதுபோல வரிசையை மாற்றி மாற்றிப் போட்டாலும் ஒருவருக்கு ஏழரை அடிக்கு மூன்றரை அடி தேவை. ஆசிரியர் நடந்துபோய்த் திருத்த வழியும் விட்டால் தலைக்கு 30 சதுரடி. ஆக, 20 பேர். வீட்டுக்காரர் சொல்லும் 600-இல் சுவரும் படிக்கட்டும் சேர்ந்திருக்கும். டேப்பை நீங்களே பிடித்து உள்ளளவு எடுங்கள். அதே ஹாலில் 35 பேரை அடைத்தால், கையைப் பக்கவாட்டில் நீட்டும் ஆசனங்கள் சத்தமில்லாமல் பாடத்திலிருந்து கழன்றுவிடும். கடைசி வரிசைக்கு ஆசிரியர் போகவே முடியாது. புதிதாய்ச் சேர்ந்தவர்கள் கூச்சப்பட்டு ஒதுங்குவதும் அந்தக் கடைசி வரிசையில்தான்.

இடத்தை மதியம் போய்ப் பார்ப்பதில் பயன் குறைவு. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் அந்தச் சூட்டை இரவில்தான் கீழே இறக்கும். மாலை வகுப்பு நடக்கப்போவதும் அப்போதுதான். இரவு 7 மணிக்குப் போங்கள், விடிகாலை 5.30-க்கும் ஒருமுறை போங்கள். தகரக் கொட்டகை என்றால் சித்திரை வெயிலை நினைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள். தாழ்ந்த பக்கத்தின் உயரத்தையும் அளக்க வேண்டும்: 6 அடி ஆள் கையைத் தூக்கினால் ஏழரை அடியைத் தாண்டும். 9 அடிக் கூரையில் சீலிங் ஃபேன் தொங்கினால் மிச்சம் என்ன இருக்கும்? அங்கே சுவர் ஃபேன்தான் சரி.

ஏசி போட்டுவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. ஆசனம் செய்யும் ஒருவர் உடம்பு சுமார் 200 வாட் வெப்பம் விடும். 20 பேருக்கு 4,000 வாட். ஒரு டன் ஏசி அகற்றுவது 3,500 வாட். கூரைச் சூட்டைச் சேர்க்காமலே ஒரு டன்னுக்கு மேல் ஆட்களுக்கே சரியாய்ப் போய்விடும். அதைவிட முக்கியம், ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. அறையில் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கும். கதவைச் சாத்திக்கொண்டு பிராணாயாமம் செய்தால் பாதி வகுப்பில் கொட்டாவியும் தலைவலியும் வரும். ஒரு பக்கம் எக்ஸாஸ்ட் ஃபேன், எதிர்ச் சுவரில் கொஞ்சம் திறந்த ஜன்னல். ஏசி ஓடினாலும் இது வேண்டும்.

தரை விஷயத்தில் அழகுக்கு மயங்கிவிடுகிறோம். வழவழ டைல்ஸில் கோரைப்பாயும் வழுக்கும், ஜமுக்காளமும் வழுக்கும். முன்பணம் கொடுக்குமுன் ஒரு சோதனை: யோகா பாயை விரித்து, அதன் முன்விளிம்பை ஒட்டித் தரையில் சாக்பீஸால் கோடு போடுங்கள். கையும் காலும் தரையில் ஊன்றி இடுப்பை மேலே தூக்கும் அதோமுக ஸ்வானாசனத்தில் ஐந்து மூச்சு நில்லுங்கள். இறங்கிப் பார்த்தால் பாய் கோட்டைவிட்டு விரற்கடை நகர்ந்திருக்கிறதா? வறண்ட தரையிலேயே இப்படி என்றால் வியர்வை சொட்டும்போது மணிக்கட்டு தாங்காது. இதற்குப் பரிகாரமாகத் தரை முழுக்க ஃபோம் துண்டுகளைக் கோத்துப் போடுகிறார்கள். அது இன்னும் மோசம். உள்ளங்கை அமிழ்ந்து மணிக்கட்டு கூடுதலாக மடங்கும், ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனத்தில் கால் ஆடும், இணைப்புகளில் வியர்வை இறங்கி நாறும். பளபளப்பில்லாத, சொரசொரப்பான டைல்ஸ், அதன்மேல் 4 முதல் 6 மில்லிமீட்டர் பாய் போதும். பாயைக் கழுவி நிழலில் காயப்போடுங்கள். மதுரை வெயில் ரப்பரை வெடிக்க வைத்துவிடும்.

ஆடியில் யாரும் திறக்கமாட்டார்கள். விஜயதசமிக்கு என்று நாள் குறிப்பார்கள். ஒட்டினாற்போல் ஐப்பசி மழை வரும், கழுவிய பாய் காயாது. மாற்றுப் பாய்களுக்கும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.

இனி ஆட்கள். முதல் கிளையில் யாருக்கு பிரஷர், யாருக்கு ஆபரேஷன் ஆனது என்பது குருவின் மனதில் இருக்கும். புதுக் கிளையில் நிற்கப்போவது அவருடைய மாணவர். அவருக்கு எதுவும் தெரியாது. ஆகவே சேரும்போதே ஒரு பக்கப் படிவம்: ரத்த அழுத்தம், சர்க்கரை, கண் நோய், குடலிறக்கம் அல்லது அறுவை சிகிச்சை, கர்ப்பம். சிரசாசனத்தில் கண் அழுத்தம் இருமடங்கு வரை உயரும். கண்நீர் அழுத்த நோயோ (கிளாக்கோமா), சர்க்கரையால் விழித்திரை பாதிப்போ உள்ளவர்களுக்கு அது கூடாது. பிரஷர் கட்டுப்படாதவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் குடலிறக்கம் உள்ளவர்களுக்கும், வயிற்றைச் சுருக்கி வேகவேகமாக மூச்சை வெளியே தள்ளும் கபாலபாதி வேண்டாம். இதைப் படிவத்தோடு பைலில் போட்டு மூடினால் பயனில்லை. வருகைப் பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்திலேயே சிவப்பு மையில் 'தலைகீழ் இல்லை' என்று எழுதுங்கள். தினமும் கண்ணில் படட்டும்.

சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் வெறும் வயிற்றில் விடிகாலை வகுப்புக்கு வருவார். நடுவில் கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும், பேச்சு குழறும். ஆசனம் செய்த வியர்வை என்று விட்டுவிடாதீர்கள். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடம் உட்கார வைத்துப் பாருங்கள். தெளியவில்லை என்றால் மறுபடி கொடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழைக்க வேண்டும். சர்க்கரை டப்பாவும் ஸ்பூனும் ஆசிரியர் பாய்க்குப் பக்கத்து அலமாரியில் இருக்கட்டும், பூட்டு இல்லாமல்.