இன்ட்ரோவர்ட்டட் ஃபீலிங்: தமிழில் எப்படிச் சொல்வது?

மனிதர்களைப் பதினாறு வகைகளாகப் பிரிக்கும் எம்பிடிஐ ஆளுமைத் தேர்வை எழுதிப் பார்த்தவர்களுக்கு ‘எஃப்ஐ’ என்ற சுருக்கம் தெரிந்திருக்கும். இன்ட்ரோவர்ட்டட் ஃபீலிங் என்பதன் சுருக்கம் அது. பலரும் இதை ‘உணர்ச்சிகளை உள்ளுக்குள் அடக்கி வைப்பது’ என்று புரிந்துகொள்கிறார்கள். சொல்லை உருவாக்கியவர் சொன்னது அதுவல்ல.

உருவாக்கியவர் சுவிட்சர்லாந்தின் மனநல மருத்துவர் கார்ல் யுங். 1921-இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்த ‘உளவியல் வகைகள்’ நூலில் இதை விரிவாக எழுதினார். ‘இன்ட்ரோ’ என்றால் லத்தீனில் உள்ளே, ‘வெர்தெரே’ என்றால் திருப்புதல். மனத்தின் ஆற்றல் வெளிப்பொருளை விட்டு உள்நோக்கித் திரும்புவதே இன்ட்ரோவர்ஷன். 1913-இல் மியூனிக் மாநாட்டில் பேசியபோது, உள்நோக்கித் திரும்புகிறவர் சிந்திப்பவர், வெளிநோக்கித் திரும்புகிறவர் உணர்பவர் என்று யுங் இரண்டையும் ஒன்றாகவே முடிச்சுப் போட்டிருந்தார். அந்தக் கணக்கில் ‘உள்முகமான ஃபீலிங்’ என்ற ஒன்றுக்கே இடமில்லை. பின்னர் அந்த முடிச்சை அவரே அவிழ்த்தார். மனம் திரும்பும் திசை வேறு, சிந்தித்தல், உணர்தல் போன்ற மனச்செயல் வேறு என்று பிரித்த பிறகுதான் இந்தச் சொல்லே பிறக்க முடிந்தது.

சரி, ஃபீலிங் என்று அவர் எதைச் சொன்னார்? அழுகை, கோபம், பரவசம் இவையெல்லாம் அவர் கணக்கில் ‘அஃபெக்ட்’. நெஞ்சு படபடக்கும், முகம் சிவக்கும், உடம்பே காட்டிக்கொடுக்கும். நம் தொல்காப்பியம் மெய்ப்பாடு என்று சொல்வதற்கு இது பக்கத்தில் வரும். ஃபீலிங் அப்படியில்லை. எதிரில் வரும் ஒன்றை ஏற்கலாமா, தள்ளலாமா, அதற்கு என்ன மதிப்பு என்று எடைபோடும் செயல் அது. அதனால்தான் யுங் அதைச் சிந்தனையோடு சேர்த்துப் பகுத்தறிவுச் செயல்களின் வரிசையில் வைத்தார். ஃபீலிங் வகையினருக்குத் தர்க்கம் வராது என்று நினைப்பவர்கள் இந்த இடத்தை நிதானமாகப் படிக்க வேண்டும்.

எடைபோடும் அளவுகோல் எங்கே இருக்கிறது என்பதில்தான் உள்முகமும் வெளிமுகமும் பிரிகின்றன. யுங் ஓர் உதாரணம் தருகிறார். ஒரு வீட்டின் வரவேற்பறையில் பெயர்பெற்ற ஓவியரின் கையெழுத்தோடு படம் தொங்குகிறது. வெளிமுக ஃபீலிங் உள்ளவர் அதை அழகு என்கிறார். அது பொய்யல்ல. எல்லோரும் அழகென்று ஏற்றது, வீட்டுக்காரர் மனமும் குளிர வேண்டும். அந்தச் சூழலுக்குப் பொருந்துவதே அவருக்கு உண்மையான மதிப்பு. உள்முக ஃபீலிங் உள்ளவரோ தனக்குள் இருக்கும் ஏதோ ஒரு படிமத்தோடு அதை ஒத்துப்பார்க்கிறார். பொருந்தாவிட்டால் ஊரே புகழ்ந்தாலும் அவரிடமிருந்து ஒரு சொல் வராது. ‘நாலு பேர் என்ன நினைப்பார்கள்’ என்பது முதலாமவரின் கேள்வி. ‘என் மனசுக்கு ஒப்பவில்லை’ என்பது இரண்டாமவரின் பதில். ஏன் ஒப்பவில்லை என்று உடனே கேட்டால் அவரால் சொல்ல முடியாமல் போகலாம். தீர்ப்பு முதலில் வந்துவிடும், காரணத்துக்குச் சொல் பின்னால்தான் கிடைக்கும். வெளியே பார்ப்பவருக்கு இது வீம்பாகவோ ஒட்டாத தன்மையாகவோ தெரிகிறது. இந்த உணர்வு பரவுவதில்லை, ஆழமாக இறங்குகிறது என்கிறார் யுங். அடுத்தவர் துயரத்தைக் கண்டு உறைந்து நிற்பவரை நாம் கல்நெஞ்சு என்று சொல்லிவிடுகிறோம். எனக்கு இந்தக் கோட்பாட்டில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். எத்தனையோ பேரைத் தவறாக எடைபோட்டிருப்போம்.

இருண்ட பக்கத்தையும் அவர் மறைக்கவில்லை. இந்த வகையினரின் சிந்தனை நனவிலியில், அதாவது தாமே அறியாத மனப்பகுதியில், தங்கிவிடுகிறது. சமநிலை குலைந்தால் அது ‘மற்றவர்கள் என்னைப் பற்றி ஏதோ கேவலமாக நினைக்கிறார்கள், சதி செய்கிறார்கள்’ என்ற சந்தேகமாக வெளியே வரும். இந்த வகையைப் பெண்களிடமே அதிகம் கண்டதாகவும் எழுதினார். அதை அவர் காலத்துப் பார்வையாகக் கொள்வதே நியாயம்.

அப்புறம் அமெரிக்காவில் கேத்தரின் பிரிக்ஸும் மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸும் யுங்கின் வகைகளை எம்பிடிஐ என்ற கேள்வித்தாளாக மாற்றினார்கள். அவர்கள் முறையில் ஒவ்வொரு வகைக்கும் நான்கெழுத்துக் குறி உண்டு. அதன்படி ஐஎன்எஃப்பி, ஐஎஸ்எஃப்பி ஆகிய இரு வகைகளுக்கு உள்முக ஃபீலிங் முதன்மைச் செயல். ஈஎன்எஃப்பி, ஈஎஸ்எஃப்பி வகைகளுக்குத் துணைச் செயல். ஒரே ஆள் சில வாரங்கள் கழித்து மறுபடி எழுதினால் வேறு வகை வருவதுண்டு. உளவியல் ஆய்வாளர்களிடம் இந்தத் தேர்வுக்குப் பெரிய மதிப்பு இல்லை. மனிதர்களைக் கவனிக்க ஒரு மொழியாக இதை வைத்துக்கொள்ளலாம். வேலைக்கு ஆள் எடுக்கும் அளவுகோலாக வைக்கக் கூடாது.

இனி தமிழ்ச் சொல். ‘உள்முக உணர்ச்சி’ என்றால் அஃபெக்ட் பக்கம் சாய்ந்துவிடும். ‘உள்முக உணர்வு’ பரவாயில்லை, ஆனால் யுங் சொன்ன நான்கு செயல்களில் ‘சென்சேஷன்’ என்று இன்னொன்று உண்டு, புலன்களால் அறிவது. சூட்டையும் குளிரையும்கூட நாம் ‘உணர்கிறோம்’ என்பதால் இரண்டும் குழம்பும். ‘அகமதிப்பீடு’ பொருளில் நெருங்கி வருகிறது, ஆனால் கல்லூரியில் படித்தவர்களுக்கு இன்டர்னல் மார்க்தான் நினைவுக்கு வரும். ‘உள்முக மதிப்புணர்வு’ என்பதை நான் பரிந்துரைக்கிறேன். மதிப்பு என்றதும் மரியாதை தோன்றக்கூடும் என்பது இதன் குறை. மதித்தல் என்பதற்கு எடைபோடுதல் என்ற பொருளும் உண்டு என்பதால் வாசகர் ஓரிரு வரிகளில் பழகிவிடுவார். எதிரிணைக்கு ‘வெளிமுக மதிப்புணர்வு’, சென்சேஷனுக்குப் ‘புலனுணர்வு’. அகமுகம், புறமுகம் என்று எழுதுகிறவர்கள் அப்படியே எழுதலாம், பொருள் மாறாது.