கான்பூர் குப்பைமேட்டிலிருந்து எழுந்த லிபரேட்டர்கள்

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, கான்பூரை அடுத்த சக்கேரி விமானதளத்தில் பி-24 லிபரேட்டர் என்னும் நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானங்கள் கூட்டம் கூட்டமாகக் கொண்டுவந்து நிறுத்தப்பட்டன. பிரிட்டிஷ் விமானப்படையின் அடையாளங்களைத் தாங்கியிருந்தாலும் அவை பிரிட்டனின் சொத்து அல்ல. லெண்ட்-லீஸ் என்ற ஏற்பாட்டின் கீழ் அமெரிக்கா இரவலாகக் கொடுத்தவை. போர் முடிந்ததும் இரவல் வாங்கியவர் அவற்றுக்கு விலை கொடுக்க வேண்டும், அல்லது திருப்பித் தர வேண்டும், அதுவும் இல்லையென்றால் இனி பறக்காதபடி அழித்துவிட வேண்டும். விலை கொடுக்கப் பிரிட்டனிடம் பணமில்லை, திருப்பி வாங்க அமெரிக்காவுக்கு விருப்பமில்லை. எஞ்சியது மூன்றாவது வழிதான்.

அப்படியே செய்தார்கள். எஞ்சின்களுக்குள் மணலைக் கொட்டினார்கள், கருவிப் பலகைகளை உடைத்தார்கள், கனரக வண்டிகளால் மோதி உடற்பகுதியை நசுக்கினார்கள். ஆனால் 1948 நவம்பரில், சுதந்திர இந்தியாவின் விமானப்படை தனது 5ஆம் ஸ்குவாட்ரனை இதே லிபரேட்டர்களைக் கொண்டு தொடங்கியது. குப்பையில் கிடந்தவற்றுள் நாற்பதுக்கும் மேற்பட்டவை மீண்டும் பறந்தன. இது எப்படி முடிந்தது என்பதற்கு இந்தியத் தொழிலாளர்களின் திறமை ஒரு பாதி விடை. மறு பாதி, அந்த விமானம் உருவாக்கப்பட்ட முறையிலேயே இருக்கிறது.

லிபரேட்டரை அமெரிக்காவின் கன்சாலிடேட்டட் நிறுவனம் வடிவமைத்தது. அதன் முன்மாதிரி 1939 டிசம்பர் 29 அன்று சான் டியேகோவில் முதன்முதலாகப் பறந்தது. பக்கவாட்டில் பார்த்தால் சரக்குப் பெட்டி போன்ற உடல், பின்னால் இரட்டை வால். அழகான விமானம் என்று யாரும் சொன்னதில்லை. குண்டறையின் கதவுகள்கூடக் கடைகளின் ஷட்டரைப் போலப் பக்கவாட்டில் சுருண்டு மேலேறும். வெளியே விரியும் கதவுகள் காற்றில் இழுவையை உண்டாக்கும் என்பதால் செய்த ஏற்பாடு அது.

ஆனால் இறக்கைதான் அதன் உயிர். இறக்கைக்கு அடியில் காற்றழுத்தம் அதிகம், மேலே குறைவு. இந்த வேறுபாடே விமானத்தைத் தூக்கிப் பிடிக்கிறது. இறக்கையின் நுனியில் கீழிருக்கும் காற்று விளிம்பைச் சுற்றி மேலே நழுவி, நீண்ட சுழலாகப் பின்னால் தொடர்கிறது. அந்தச் சுழலை உருவாக்கச் செலவாகும் ஆற்றல் எரிபொருளிலிருந்துதான் வர வேண்டும். இறக்கை நீளமாகவும் குறுகலாகவும் இருந்தால், நுனியில் நேரும் இந்த இழப்பு மொத்தத்தில் சிறு பங்காகிவிடும். அதே காலத்துப் பி-17 விமானத்தின் இறக்கை 31.6 மீட்டர் நீளமும் சராசரியாக 4.2 மீட்டர் அகலமும் கொண்டது. லிபரேட்டரின் இறக்கையோ 33.5 மீட்டர் நீளம், சராசரி அகலம் 2.9 மீட்டர் மட்டுமே. டேவிட் டேவிஸ் என்பவர் உருவாக்கிய அந்த இறக்கையின் குறுக்குவெட்டு வடிவத்தைக் கலிஃபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தின் காற்றுச் சுரங்கத்தில் சோதித்தபோது, கிடைத்த எண்கள் நம்ப முடியாத அளவுக்கு நன்றாக இருந்ததால், கருவியில்தான் பிழை என்று நினைத்துச் சோதனையைத் திரும்பவும் செய்தார்கள். பிழை எதுவும் இல்லை.

இந்த இறக்கைதான் லிபரேட்டரைத் தொலைதூர விமானமாக்கியது. அட்லாண்டிக்கின் நடுவே, இரு கரைகளிலிருந்தும் எந்த விமானமும் எட்ட முடியாத ஒரு பரப்பு இருந்தது. ஜெர்மானிய நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களை அங்கேதான் வேட்டையாடின. கவசத் தகடுகளைக் கழற்றி, குண்டறையில் கூடுதல் எரிபொருள் தொட்டிகளை வைத்து அனுப்பப்பட்ட லிபரேட்டர்கள் 1943இன் முற்பகுதியில் அந்த இடைவெளியை அடைத்தன. அவ்வாண்டு மே மாதம் ஜெர்மனி தன் நீர்மூழ்கிகளை வட அட்லாண்டிக்கிலிருந்து பின்வாங்கியதற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம். நமக்கு அருகில், இலங்கையின் மின்னேரியாவிலிருந்து புறப்பட்ட பிரிட்டிஷ் விமானப்படையின் 160ஆம் ஸ்குவாட்ரன் லிபரேட்டர்கள், 1945இல் சிங்கப்பூர் வரை சென்று கடலில் கண்ணிவெடிகளைப் போட்டுவிட்டுத் திரும்பின. போக வர 5,000 கிலோமீட்டருக்கும் அதிகம். ஏறத்தாழ இருபது மணி நேரம், வழியில் இறங்க ஓரிடமும் இல்லாத பயணம்.

ஒன்றைப் பெற்றால் ஒன்றை இழக்கத்தான் வேண்டும். குறைந்த பரப்பில் அதிக எடையைச் சுமந்த இறக்கை என்பதால் உயரத்தில் விமானத்தை அணிவகுப்பில் நிலையாக வைத்திருப்பது விமானிகளின் கைகளுக்குக் கடும் வேலையாக இருந்தது. இறக்கையில் பனி உறைந்து அதன் வடிவம் சற்று மாறினாலும் தூக்குவிசை வேகமாகக் குறைந்தது. கடலில் இறங்க நேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். இறக்கை உடலின் மேற்புறத்தில் பொருத்தப்பட்டிருந்ததால் உடற்பகுதிதான் முதலில் நீரில் மோதும். மெல்லிய ஷட்டர் கதவுகள் உடனே நொறுங்கி உள்ளே வெள்ளம் புகும். இதை ஆராய்வதற்காகவே 1944 செப்டம்பரில் வர்ஜீனியாவின் ஜேம்ஸ் ஆற்றில் ஒரு லிபரேட்டரை வேண்டுமென்றே இறக்கிச் சோதித்தார்கள்.

தொலைதூரம் செல்லும் திறனே ஒரு விமானத்துக்கு எமனான கதையும் உண்டு. 1943 ஏப்ரல் 4 அன்று, லிபியாவின் பெங்காசிக்கு அருகிலிருந்து நேப்பிள்ஸைத் தாக்கப் புறப்பட்ட ‘லேடி பி குட்’ என்ற லிபரேட்டர், இரவில் திரும்பும்போது தளத்தைக் கடந்து பாலைவனத்துக்குள் சென்றுவிட்டது. அக்காலத்து வளைய ஆண்டெனா, வானொலி அலை எந்தக் கோட்டில் வருகிறது என்று காட்டும். அந்தக் கோட்டில் முன்னாலிருந்து வருகிறதா பின்னாலிருந்து வருகிறதா என்பதைத் தனியே சொல்லாது. தளம் பின்னால் போய்விட்ட பிறகும் அது முன்னால் இருப்பதாகவே குழுவினர் எண்ணியிருக்க வேண்டும் என்பதுதான் பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். தொட்டியில் எரிபொருள் இருந்தவரை பறந்தார்கள். 1958இல் எண்ணெய் தேடிச் சென்றவர்கள் கடற்கரையிலிருந்து அறுநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் மணலில் அந்த விமானத்தைக் கண்டார்கள். பாராசூட்டில் குதித்திருந்த ஒன்பது பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. வறண்ட காற்றில் துருவோ அரிப்போ இல்லாமல், விமானத்தின் வானொலிக் கருவி அப்போதும் இயங்கும் நிலையில் இருந்தது.

இப்படித் தொலைந்தவை போக, போரில் வீழ்ந்தவை ஏராளம். 1943 ஆகஸ்ட் 1 அன்று ருமேனியாவின் பிளோயெஸ்தி எண்ணெய் ஆலைகளைத் தாக்கச் சென்ற லிபரேட்டர்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டவை அந்த ஒரே நாளில் அழிந்தன. அவ்வளவு இழப்பையும் ஈடுகட்டும் வேகத்தில் புதியவை வந்துகொண்டிருந்தன என்பதுதான் திகைப்பூட்டுவது. மிச்சிகனில் ஃபோர்டு நிறுவனம் அமைத்த வில்லோ ரன் ஆலையில், உற்பத்தி உச்சத்தில் இருந்தபோது, ஏறத்தாழ மணிக்கு ஒரு லிபரேட்டர் வெளிவந்தது. எல்லா ஆலைகளையும் சேர்த்தால் மொத்தம் 18,000க்கும் மேல். அமெரிக்கா வேறு எந்தப் போர் விமானத்தையும் இந்த எண்ணிக்கையில் தயாரித்ததில்லை.

மணிக்கு ஒரு விமானம் என்பது தனித்தனியாகத் தட்டிச் செய்தால் நடக்கிற காரியமல்ல. ஒவ்வொரு பாகத்தையும் எஃகுச் சட்டத்தில் பொருத்தி, ஒரே இடத்தில் துளையிட்டு, ஒரே அளவில் வெட்டினால், முந்நூறாவது விமானத்தின் வால் ஆறாயிரமாவது விமானத்திலும் பொருந்தும். ஒரு லிபரேட்டரில் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகள் மூன்று லட்சத்துக்கும் மேல் இருந்தன. அவற்றுள் வலிமை மிக்கவற்றைக் குளிர்பெட்டியில் வைத்துத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். செம்பு கலந்த அந்த அலுமினியக் கலவையைச் சூடாக்கித் திடீரெனக் குளிர்வித்தால் சிறிது நேரம் மென்மையாக இருக்கும். அறை வெப்பத்தில் விட்டால் உள்ளிருக்கும் செம்பு அணுக்கள் மெல்லக் கூட்டம் சேர்ந்து உலோகத்தைக் கடினமாக்கிவிடும், பிறகு அடித்தால் விரிசல் விடும். குளிரில் அணுக்களின் நகர்வு மந்தமாகிவிடுவதால், தொழிலாளி கையில் எடுக்கும்வரை ரிவெட் மென்மையாகவே காத்திருக்கும். அடித்து இறுக்கிய பிறகு தன் இடத்திலேயே முறுக்கேறும்.

கான்பூரில் அழித்தவர்கள் ஒவ்வொரு விமானத்தையும் தனித்தனியாகப் பாழாக்கினார்கள், ஆனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பாழாக்கவில்லை. ஒன்றில் மூக்கு நசுங்கியிருந்தால் இன்னொன்றில் வால். ஒரே அச்சில் வார்த்த பாகங்கள் என்பதால், ஐந்து நொறுங்கிய விமானங்கள் கிடைத்தால் அவற்றிலிருந்து ஒன்றிரண்டு முழு விமானங்களைத் தேற்றலாம். மலிவாகச் செய்து தூக்கியெறிவதற்கு உதவிய அதே முறை, எறிந்ததை எடுத்துக் கட்டவும் உதவியது. மணல் விழுந்த எஞ்சின் உண்மையிலேயே வீண்தான். மணல்துகள் தாங்கிகளின் மென்மையான உலோகத்தில் புதைந்து, சுழலும் தண்டை அரத்தைப் போல அறுத்துக்கொண்டே இருக்கும். ஆனால் லிபரேட்டரின் ட்வின் வாஸ்ப் எஞ்சின், 1.7 லட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்டது. டகோட்டா விமானங்களில் இருப்பதும் அதே குடும்பத்து எஞ்சின்தான். ஆகவே அதைப் பிரித்துச் சீராக்கத் தெரிந்தவர்களும் இங்கே இருந்தார்கள்.

அவர்கள் இருந்த இடம் பெங்களூர். 1940இல் வால்சந்த் ஹீராசந்த் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் ஆலையைப் போர்க்காலத்தில் அமெரிக்க விமானப்படை தன் பழுதுபார்ப்புத் தளமாகப் பயன்படுத்தியது. டகோட்டாக்களும் கேட்டலினாக்களும் லிபரேட்டர்களும் அங்கே பிரித்துப் பூட்டப்பட்டன. போர் முடிந்து அமெரிக்கர்கள் போனார்கள். கைகளுக்குப் பழகிய வேலை அங்கேயே தங்கிவிட்டது.

சிக்கல், கான்பூரில் கிடந்ததைப் பெங்களூருக்குக் கொண்டுசெல்வது. 33 மீட்டர் இறக்கையைச் சாலையில் ஏற்றிச் செல்ல வழியில்லை. எனவே பறக்கும் அளவுக்கு மட்டும் ஒட்டுப்போட்டு, நிறுவனத்தின் சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி அவற்றை ஒவ்வொன்றாக ஓட்டிச் சென்றார். சுமார் 1,500 கிலோமீட்டர். விமானத்தின் மேல்தகடு வெறும் போர்வையல்ல, சுமையைத் தாங்கும் உறுப்பு. அதில் ஒரு விரிசல் இருந்தால் அதன் கூர்மையான முனையில் அழுத்தம் குவிந்து, ஒவ்வொரு குலுக்கலிலும் விரிசல் முன்னேறும். அதற்குச் செய்யும் முதல் சிகிச்சை, கேட்பதற்கு வேடிக்கையாக இருந்தாலும், விரிசலின் முனையில் இன்னொரு துளை போடுவதுதான். வட்டமான விளிம்பில் அழுத்தம் பரவிவிடும். அதன்மேல் தகடு வைத்து ரிவெட் அடித்தால் சுமை சுற்றிக்கொண்டு போகும். இத்தகைய ஒட்டுகளை நம்பித் தரையிலிருந்து எழும்பிய அந்த மனிதரின் துணிச்சலை நான் வெறும் நிர்வாகத் தகவலாகக் கடந்துபோக மாட்டேன்.

அமெரிக்காவில் இருந்தவற்றுக்கு இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. அரிசோனாவின் கிங்மேனில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட போர் விமானங்கள் கொண்டுவந்து நிறுத்தப்பட்டு, துண்டு துண்டாக வெட்டப்பட்டு, உலைக்குள் போயின. அலுமினியம் 660 டிகிரியில் உருகும், எஃகுக்கு அதைப்போல இரு மடங்குக்கும் மேல் வெப்பம் வேண்டும். ஆகவே உலையில் அலுமினியம் உருகி வழிய, எஃகு எலும்புகள் மட்டும் பின்தங்கும். அழிப்பது என்றால் இதுதான். கான்பூரில் நடந்தது அழிப்பதற்கான பாவனை.

இந்திய லிபரேட்டர்கள் குண்டுவீச்சிலிருந்து கடற்காவலுக்கு மாறின. பூனாவில் இருந்த 6ஆம் ஸ்குவாட்ரன் அவற்றைக் கொண்டு அரபிக்கடலைக் கண்காணித்தது. பழைய அதே நீண்ட இறக்கை அதற்குப் பொருத்தமாகவே இருந்தது. உலகில் வேறெங்கும் படைச்சேவையில் லிபரேட்டர் இல்லாத காலத்திலும் இங்கே பறந்துகொண்டிருந்து, 1968 இறுதியில் ஓய்வு பெற்றது. உருக்கித் தீர்த்துவிட்ட நாடுகளின் அருங்காட்சியகங்கள் அப்போதுதான் இந்தியாவின் பக்கம் திரும்பிப் பார்த்தன. 1968இல் ஒன்று கனடாவுக்குப் போனது, மறு ஆண்டு ஒன்று அரிசோனாவின் டூசானுக்கு, 1974இல் ஒன்று பிரிட்டனுக்கு. ஒன்று டெல்லியின் பாலம் விமானதளத்தில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 18,000க்கும் மேற்பட்டவற்றில் இன்று முழுதாக எஞ்சியவை இருபதுகூட இல்லை. அவற்றில் கணிசமானவை சக்கேரியில் பாழாக்கப்பட்டவை.

பிரிட்டனில் இருப்பதற்குத் தன் உண்மையான எண்ணே இருக்கிறது. 1945இல் கோகோஸ் தீவுகளில் 99ஆம் ஸ்குவாட்ரனில் பணியாற்றிய கேஎன்751. அமெரிக்காவில் காலிங்ஸ் அறக்கட்டளை மீட்டெடுத்து 1989இல் மீண்டும் பறக்கவைத்த இன்னொரு இந்திய லிபரேட்டரோ, ஐரோப்பாவில் 130 முறை தாக்குதலுக்குச் சென்று திரும்பிய ‘விட்ச்கிராஃப்ட்’ என்ற வேறொரு லிபரேட்டரின் பெயரையும் ஓவியத்தையும் பிற்பாடு தாங்கியது. அசல் விட்ச்கிராஃப்ட் எப்போதோ உருக்கப்பட்டுவிட்டது. அதன் பெயரைச் சுமக்கும் இந்த விமானத்தின் தகடுகளுக்கு அடியில், பெங்களூரில் அடித்த ரிவெட்டுகள் இருக்கக்கூடும்.