சர்வரை அப்கிரேடு செய்யும் முன் ஆக்டிவேஷன் கணக்கைப் பாருங்கள்

விண்டோஸ் சர்வர் 2016-க்கான ஆதரவு 2027 ஜனவரி 12-ஆம் தேதியோடு முடிகிறது. அதன்பின் பாதுகாப்பு அப்டேட் இலவசமாக வராது. 2012 ஆர்2-க்கு அந்தக் கெடு 2023 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. காசு கட்டி வாங்கும் நீட்டிப்பும் 2026 அக்டோபர் 13 வரைதான். அதனால் நான் வேலை பார்க்கும் இடங்களில் எல்லாம் இப்போது ஒரே கேள்வி: "புதிதாகப் போட வேண்டாம், இருப்பதன் மேலேயே ஏற்றிவிடலாமா?"

ஏற்றலாம். முன்பு ஒரு தடவைக்கு இரண்டு பதிப்புதான் தாண்ட முடியும். 2012 ஆர்2-இல் இருந்து 2022-க்குப் போக வேண்டுமென்றால் நடுவில் 2016 அல்லது 2019-இல் இறங்கி ஏற வேண்டும். சர்வர் 2025 வந்தபின் 2012 ஆர்2-இல் இருந்தே நேராகத் தாவலாம். சில கட்டுப்பாடுகள் மட்டும் மாறவில்லை. மொழி ஒன்றாக இருக்க வேண்டும். திரை இடைமுகம் இல்லாத கோர் இன்ஸ்டலேஷனை டெஸ்க்டாப் உள்ளதாக மாற்ற முடியாது. ஸ்டாண்டர்ட் வகையில் இருந்து அதைவிட உயர்ந்த டேட்டாசென்டர் வகைக்குப் போகலாம், திரும்பி வர முடியாது. டொமைன் கன்ட்ரோலரை, அதாவது அலுவலகப் பயனர் கணக்குகளையும் உள்நுழைவையும் கவனிக்கும் சர்வரை மட்டும் இப்படி ஏற்றாதீர்கள். புதிய சர்வர் ஒன்றை டொமைனில் சேர்த்து, பொறுப்புகளை அதற்கு மாற்றிவிட்டு, பழையதை முறைப்படி விலக்குவதுதான் நல்லது.

இதெல்லாம் பெரும்பாலான அட்மின்களுக்குத் தெரியும். பேக்கப் எடுப்பார்கள், மெய்நிகர் இயந்திரமாக இருந்தால் அப்போதைய நிலையை அப்படியே சேமிக்கும் ஸ்னாப்ஷாட்டும் எடுப்பார்கள், சனிக்கிழமை இரவு வேலையை முடிப்பார்கள். விட்டுப்போவது லைசென்ஸும், விண்டோஸின் சாவியைச் சரிபார்க்கும் ஆக்டிவேஷனும்தான். "அது தானாக ஆகிவிடும்" என்ற நினைப்பை நான் பல இடங்களில் பார்த்துவிட்டேன்.

மொத்தமாக வாங்கும் வால்யூம் லைசென்ஸ் உள்ள அலுவலகங்களில் பெரும்பாலும் கேஎம்எஸ் (கீ மேனேஜ்மென்ட் சர்வீஸ்) என்ற ஆக்டிவேஷன் சேவை இருக்கும். உள்ளேயே ஒரு சர்வர் கேஎம்எஸ் ஹோஸ்டாக இருக்கும். மற்ற இயந்திரங்கள் டிஎன்எஸ்ஸில் அதன் முகவரியைத் தேடி, 1688-ஆம் போர்ட் வழியாக அதோடு பேசி ஆக்டிவேட் ஆகும். இந்த ஆக்டிவேஷன் 180 நாள் செல்லும். ஏழு நாளுக்கு ஒரு முறை புதுப்பிக்க முயலும். ஒவ்வொரு முறை வெற்றி பெறும்போதும் 180 நாள் மறுபடி முதலில் இருந்து தொடங்கும்.

சிக்கலும் அங்கேதான். கேஎம்எஸ் ஹோஸ்ட் இன்றைக்கு நின்றுபோனாலும் நாளைக்கு யாருக்கும் தெரியாது. ஓர் அலுவலகத்தில் பழைய சர்வர் ஒன்றை "இதில் ஒன்றும் ஓடவில்லை" என்று அணைத்திருந்தார்கள். கேஎம்எஸ் அதில்தான் இருந்தது. டிஎன்எஸ் பதிவும், அணைத்துவிட்ட அந்த இயந்திரத்தையே காட்டிக்கொண்டிருந்தது. மற்ற சர்வர்கள் பழைய ஆக்டிவேஷனை வைத்து மாதக்கணக்கில் ஓடின. பிறகு ஒரு சர்வரை அப்கிரேடு செய்தார்கள். அது புதிதாக ஆக்டிவேட் ஆகப் போனபோது 0xசி004எஃப்074 என்ற பிழை வந்தது, அதாவது கேஎம்எஸ் ஹோஸ்டைத் தொடர்புகொள்ள முடியவில்லை. பழி அப்கிரேடு மேல் விழுந்தது.

ஹோஸ்ட் உயிரோடு இருந்தாலும் போதாது. கேஎம்எஸ் ஹோஸ்ட் சாவி அதற்குரிய பதிப்பையும் அதற்கு முந்தையவற்றையும்தான் ஆக்டிவேட் செய்யும். 2016-க்கான சாவி இருக்கும் ஹோஸ்டால் 2025-ஐ ஆக்டிவேட் செய்ய முடியாது. புதிய சாவியை லைசென்ஸ் போர்ட்டலில் இருந்து எடுத்து முதலில் ஹோஸ்டில் போட வேண்டும். ஹோஸ்டில் தேவையான அப்டேட் இல்லையென்றால் அந்தச் சாவியையே ஏற்காது. ஆகவே வரிசை இதுதான்: முதலில் ஹோஸ்டுக்கு அப்டேட், அப்புறம் புதிய சாவி, அப்புறம்தான் மற்ற சர்வர்கள்.

இன்னொன்று எண்ணிக்கை. குறைந்தது ஐந்து இயந்திரங்கள் கேட்டால்தான் கேஎம்எஸ் ஹோஸ்ட் ஒரு சர்வரை ஆக்டிவேட் செய்யும். விண்டோஸ் 10, 11 போன்ற கிளையன்ட்களுக்கு 25 வேண்டும். ஹோஸ்டில் நிர்வாகி உரிமையோடு கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து எஸ்எல்எம்ஜிஆர் கட்டளையை டிஎல்வி என்ற தேர்வோடு (slmgr /dlv) ஓட்டிப் பாருங்கள். வரும் பெட்டியில் கீழ்ப்பக்கம் தற்போதைய எண்ணிக்கை தெரியும். எட்டு மெய்நிகர் சர்வர்கள் இருந்தும் அங்கே 1 என்று நிற்பது உண்டு. எட்டையும் ஒரே டெம்ப்ளேட்டில் இருந்து, அடையாளங்களை அழித்துப் புதிதாக்கும் சிஸ்பிரெப் கருவியை ஓட்டாமல் நகலெடுத்திருப்பார்கள். எல்லாவற்றுக்கும் கிளையன்ட் அடையாள எண் ஒன்றே என்பதால் ஹோஸ்ட் அவற்றை ஒரே இயந்திரமாகத்தான் எண்ணும். சர்வருக்கும் ஹோஸ்டுக்கும் கடிகார வித்தியாசம் நான்கு மணி நேரத்தைத் தாண்டினாலும் ஆக்டிவேஷன் நடக்காது. மெய்நிகர் இயந்திரத்தைப் பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திருப்பிய பிறகு இதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

நாலைந்து சர்வர் மட்டும் உள்ள சிறிய அலுவலகத்துக்குக் கேஎம்எஸ் தேவையே இல்லை என்பது என் கருத்து. டொமைனின் கணக்குகளை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரி இருந்தால் அதன் வழியாகவே ஆக்டிவேட் செய்யலாம். அதற்கு இந்த ஐந்து, 25 கணக்கு கிடையாது. டொமைனில் சேர்ந்தாலே போதும். டொமைனுக்கு வெளியே தனியாக நிற்கும் சர்வருக்கு, மைக்ரோசாஃப்டிடமே ஒரு முறை ஆக்டிவேட் ஆகும் எம்ஏகே சாவி போடலாம்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், லைசென்ஸ் இல்லாமலே ஆக்டிவேட் செய்யும் "கேஎம்எஸ் ஆக்டிவேட்டர்"களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முன்பு வேலை பார்த்த யாரோ போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அதே எஸ்எல்எம்ஜிஆர் வெளியீட்டில் கேஎம்எஸ் இயந்திரத்தின் பெயர் இருக்கும் இடத்தில் உங்களுக்குத் தெரியாத வெளி முகவரியோ 127-இல் தொடங்கும் (அதே இயந்திரத்தையே குறிக்கும்) முகவரியோ இருந்தால் விசாரியுங்கள். இந்த மென்பொருள்கள் நிர்வாகி உரிமையோடு ஓடுபவை, ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்பவை. கம்பெனியின் கணக்குகளும் சம்பளப் பட்டியலும் இருக்கும் சர்வரில் அப்படி ஒன்று இருக்கவே கூடாது. அப்கிரேடுக்கு முன்பே முதலாளியிடம் சொல்லி, முறையான லைசென்ஸ் வாங்கி, சர்வரைப் புதிதாகவே நிறுவுங்கள்.

ஆக்டிவேட் ஆகிவிட்டது என்பதாலேயே லைசென்ஸ் இருக்கிறது என்று ஆகிவிடாது. புதிய பதிப்புக்கும் உரிமை தரும் சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸ் ஒப்பந்தம் இல்லாமல் 2016 லைசென்ஸ் வாங்கியவருக்கு 2025-ஐ ஓட்டும் உரிமை இல்லை, கேஎம்எஸ் அதைத் தடுக்காவிட்டாலும். சர்வரை அணுகும் பயனர்களின் கேல் லைசென்ஸும் அப்படியே. 2016 கேல் வைத்து 2025 சர்வரை அணுகக் கூடாது. 2024 நவம்பரில் சில நிறுவனங்களின் 2019, 2022 சர்வர்கள், பேட்ச் போடும் வெளி மென்பொருள்களின் வழியே, யாரும் கேட்காமலே 2025-க்கு ஏறிவிட்டன. அவர்களுக்கு இந்தக் கேள்வி ஒரே இரவில் வந்து நின்றது. உங்கள் பேட்ச் மென்பொருளில் பதிப்பு மாற்றும் அப்டேட்களைத் தனியாக நிறுத்தி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

ரிமோட் டெஸ்க்டாப் சர்வர் இருந்தால் அதன் லைசென்ஸ் சர்வரையும் முதலில் ஏற்றி, புதிய பதிப்புக்கான ஆர்டிஎஸ் கேல்களைப் போட்டுவிட்டு, அதன்பிறகே ஊழியர்கள் நுழைந்து வேலை பார்க்கும் செஷன் ஹோஸ்டைத் தொடுங்கள். மாற்றி ஏற்றினால் திங்கள் காலை ஊழியர்களால் உள்ளே நுழைய முடியாமல் போகலாம்.