தமிழில் பேசினால் ஏஐ சீக்கிரம் மறப்பது ஏன்?

"ஏஐ சாட்டில் தமிழில் பேசுகிறேன், முதலில் நன்றாகப் பதில் சொல்கிறது, போகப்போக ஆரம்பத்தில் நான் போட்ட நிபந்தனையையே மறந்துவிடுகிறது. போனை மாற்ற வேண்டுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வேண்டாம். போனிலும் நெட்டிலும் கோளாறு இல்லை.

நீங்கள் ஒவ்வொரு கேள்வி அனுப்பும்போதும் அதுவரை நடந்த பேச்சும் சேர்ந்தே மறுபடி மாடலுக்குள் போகிறது. அதற்கு ஒரு கொள்ளளவு உண்டு, அது டோக்கன் கணக்கு, அதாவது உரையை மாடல் நறுக்கிக்கொள்ளும் சிறு துண்டுகளின் எண்ணிக்கை. 2023-ல் வந்த, ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் ஜிபிடி-3.5 டர்போ மாடலுக்கு 4,096 டோக்கன்தான், இன்று லட்சத்தைத் தாண்டியவை இருக்கின்றன. நிரம்பினால் பழைய பேச்சு வெட்டப்படும், அல்லது சுருக்கப்படும். நிரம்பும் முன்பேகூட நீளமான பேச்சில் நடுவில் சொன்னவை நழுவுவதுண்டு.

சரி, இதில் தமிழுக்கு மட்டும் என்ன பிரச்சினை? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடு, ஒவ்வொன்றுக்கும் 3 பைட் (கணினி சேமிக்கும் சிறு அலகு), ஆக 15 பைட். இன்னும் கிட்டப் போய்ப் பாருங்கள்: அந்த மூன்றில் முதல் பைட் எல்லாத் தமிழ்க் குறியீட்டுக்கும் ஒன்றேதான், இரண்டாவது இரண்டே இரண்டில் ஒன்று, எது எந்த எழுத்து என்பது பெரும்பாலும் மூன்றாவதில்தான் தெரிகிறது! ஆங்கில எழுத்துக்கோ ஒரே பைட் போதும்.

இந்தப் பைட்களை டோக்கனாக்கும் முறையை 1994-ல் ஃபிலிப் கேஜ் கோப்புகளைச் சுருக்குவதற்காக எழுதினார். அடுத்தடுத்து அதிகம் வரும் ஜோடி எது என்று பார், அதை ஒட்டி ஒரே துண்டாக்கு, மறுபடி முதலிலிருந்து தேடு. அவ்வளவுதான். ஆங்கிலம் குவிந்து கிடக்கும் தொகுப்பில் இதை ஓட்டினால் ஆங்கிலச் சொற்கள் முழுசாக ஒட்டிக்கொள்கின்றன, தமிழ் எழுத்து நொறுங்கிய பைட்டாகவே நின்றுவிடுகிறது. அப்புறம் ஒரு வாக்கியமே இடத்தை அடைத்துக்கொள்ளாதா?

2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வந்தபோது ஓப்பன்ஏஐ ஒரே வாசகத்தைப் பல மொழிகளில் எண்ணிக் காட்டியது. தமிழில் 116 டோக்கன் 35 ஆகக் குறைந்திருந்தது, ஆங்கிலத்தில் 27 இருந்தது 24 ஆனது. நல்ல தமிழ் உரை ஏராளமாகப் பொதுவில் கிடைத்தால் இனி வரும் மாடல்களில் இந்த எண்ணிக்கை இன்னும் குறைய வாய்ப்பு உண்டு. மெய்ப்புப் பார்த்த பழைய நூல்களையும் இதழ்களையும் எல்லாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி ஏற்றுவதற்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும், மாநாட்டுப் பந்தலுக்குச் செலவழிப்பதைவிட அது நூறு மடங்கு உபயோகம்.

இப்போதைக்கு என்ன செய்யலாம்? பேச்சு நீண்டு குழம்பினால் "இதுவரை முடிவானதைச் சுருக்கிக் கொடு" என்று கேட்டு, சரிபார்த்து, அதைப் புதிய சாட்டில் ஒட்டித் தொடருங்கள். முக்கியமான நிபந்தனையைக் கடைசிக் கேள்வியோடு திரும்ப எழுதுங்கள். நீளமான ஆவணத்தைப் பகுதி பகுதியாகக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் 'மந்திர வரி'களை நம்பாதீர்கள், அவை எந்தக் கொள்ளளவையும் கூட்டாது.

ஏஐ எழுத்து எண்ணுவதில் தவறுவதற்கும் முக்கியக் காரணம் டோக்கன்தான். 'கொக்கரக்கோ'வில் எத்தனை எழுத்து என்று நேரடியாகக் கேட்டால் மாடல் பார்ப்பது ஒவ்வொரு துண்டுக்கும் இட்டிருக்கும் அடையாள எண்களை, எழுத்துகளை அல்ல. முதலில் ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்து வரிசை எண் போடச் சொல்லி, அப்புறம் எண்ணச் சொல்லுங்கள், ஆறு என்று சரியாக வருவதற்கு வாய்ப்பு அதிகம்.