புதுக் குட்டி வந்தால் மூக்கு முதலில் சம்மதிக்க வேண்டும்

ஒரு பூனைக்குட்டியைக் கூடையில் வைத்து உள்ளே கொண்டுவந்த அடுத்த நிமிடமே, இத்தனை நாள் மடியில் உறங்கிய மூத்த பூனை சீறிக்கொண்டு பீரோ மேல் ஏறிவிடும். வீட்டில் எல்லோரும் அதைப் பொறாமை என்பார்கள். என் பார்வையில் அது பூனைக்கு இழைக்கும் அநியாயம். அந்தச் சீறல் மூக்கிலிருந்து வருகிறது.

பூனையின் கன்னம், மோவாய், நெற்றி, பாதம், வாலடி என்று பல இடங்களில் வாசனைச் சுரப்பிகள் உள்ளன. நாற்காலிக் காலில் கன்னத்தைத் தேய்க்கும்போது அது தன் வாசனையை அங்கே பூசிவிட்டுப் போகிறது. பிரெஞ்சு ஆய்வாளர் பாத்ரிக் பஜே இந்தக் கன்னச் சுரப்பை ஐந்து வகைக் கலவைகளாகப் பிரித்துக் காட்டினார். அவற்றில் ஒன்றைப் பூனை பொருட்களின் மேலும், இன்னொன்றைப் பழகிய மனிதர், பழகிய பூனைகள் மேலும் பூசுகிறது. ஒன்றையொன்று உரசி, நக்கிக்கொடுத்து வாழும் பூனைகளுக்கு நாளடைவில் ஒரு பொது வாசனை உருவாகிவிடும். ‘நம்மவர்’ என்பதற்கு அவை வைத்திருக்கும் அடையாளம் அதுதான். மருத்துவரிடம் போய்த் திரும்பிய பூனையைப் பார்த்து உடன்பிறந்த பூனையே சீறுவது இதனால்தான். முகம் அதேதான், வாசனை மாறிவிட்டது.

முகர்ந்துவிட்டு உதட்டைத் தூக்கி, வாயை லேசாகத் திறந்தபடி பூனை சிலநொடி உறைந்து நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். மேல் முன்பற்களுக்குப் பின்னால் இருக்கும் நுண்துளைகள் வழியே, மூக்கடியில் உள்ள ஜேக்கப்சன் உறுப்பு என்னும் இன்னொரு முகர்வு உறுப்புக்கு அது வாசனையை அனுப்பிக்கொண்டிருக்கிறது.

வீட்டுப் பூனையின் மூதாதை தனித்து வேட்டையாடிய ஆப்பிரிக்கக் காட்டுப் பூனை. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் மனிதருக்கு அருகே புதைக்கப்பட்ட பூனை ஒன்று கிடைத்திருக்கிறது. நம்மோடு இத்தனை காலம் இருந்தும், அறிமுகமில்லாத இன்னொரு பூனையை உடனே ஏற்கும் இயல்பு அதற்கு வரவில்லை.

ஆகவே குட்டிக்குத் தனி அறை, தனி மணல் தொட்டி, தனித் தட்டு. குட்டி படுத்த துணியை மூத்ததின் இடத்திலும், மூத்ததின் துணியைக் குட்டியின் அறையிலும் போடுங்கள். மூடிய கதவின் இரு பக்கமும் உணவு வைத்தால், அந்த வாசனை நல்ல அனுபவத்தோடு சேர்ந்துகொள்ளும். மூத்தது துணியை முகர்ந்துவிட்டு அலட்சியமாக நகர்ந்த பிறகு கதவை ஒரு விரலளவு திறக்கலாம். சில வீடுகளில் ஒரு வாரம் போதும், சிலவற்றில் மாதங்கள் ஆகும்.

ஊட்டி, குன்னூர்க்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். குட்டி தும்மினால் நீலகிரித் தைலத்தைத் தொடவே தொடாதீர்கள். பீனால் போன்ற பல வேதிப்பொருட்களை முறித்து வெளியேற்றும் ஒரு முக்கியமான கல்லீரல் வழி பூனைகளுக்குப் பலவீனம். தைலமும் அவற்றுக்கு நஞ்சு. உடம்பை நக்கும்போது அது நேராக வயிற்றுக்குள் போகும். பினாயில் போட்டுத் தரை துடைப்பதும் அதே ஆபத்துதான். அதோடு, மூத்த பூனை பூசி வைத்த வாசனையையும் துடைத்தெடுத்துவிடும்.

மலையில் சண்டை பெரும்பாலும் சோற்றுக்காக வராது, சூட்டுக்காக வரும். கூடுதல் ஆற்றல் செலவழிக்காமல் உடற்சூட்டைக் காக்க வளர்ந்த பூனைக்கு 30 முதல் 38 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். ஊட்டியிலோ மார்கழி, தை இரவுகளில் உறைபனியே விழும். வீட்டில் சூடான இடம் என்றால் அடுப்போரம், கணப்போரம், வெயில் படும் ஒரு ஜன்னல், அவ்வளவுதான். சிற்றுடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும் என்பதால் குட்டியும் அங்கேதான் ஓடும். கம்பளி போட்ட அட்டைப்பெட்டிகள் இரண்டு மூன்றை வெவ்வேறு உயரத்தில் வைத்து, குட்டியுடையதில் துணி சுற்றிய சுடுதண்ணீர்ப் பையையும் வையுங்கள். பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

தனி அறைக்கு இன்னொரு காரணம் நோய். பூனைகளுக்கு உயிராபத்தான வாந்தி, பேதியை உண்டாக்கும் பான்லுகோபீனியா வைரஸ் வீட்டுக்குள் ஓராண்டு வரை உயிர்ப்போடு இருக்கக்கூடியது. தொற்றிய சில நாட்களிலிருந்து பத்து நாட்களுக்குள் அறிகுறி தெரியும் என்பதால், வாசனை ஒரு வாரத்தில் பழகிவிட்டாலும் இரண்டு வாரப் பிரிவு நியாயமானது. தாய்ப்பாலில் வந்த நோய் எதிர்ப்பொருள் தடுப்பூசியின் வேலையைத் தடுக்கும். அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஊசியை 6–8 வார வயதில் தொடங்கி, 16 வாரம் வரை சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்.

சீறலும் பாதத்தால் ஓர் அடியும் பேச்சுவார்த்தைதான், தலையிட வேண்டாம். காது படிந்து, இரண்டும் உருண்டு கட்டிப்புரண்டால் தடித்த போர்வையை நடுவே போட்டுப் பிரித்துவிடுங்கள், மறுபடி துணி மாற்றுவதிலிருந்து தொடங்குங்கள். கையை மட்டும் நுழைக்காதீர்கள். பூனைக்கடி ஆழமாக இறங்கிச் சீழ் பிடிக்கும், தடுப்பூசி போடாத பூனையென்றால் வெறிநோய் பயமும் உண்டு. கடிபட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.